பதினொரு பேர் திரும்பினால் போதும்

மாண்புமிகு கவுன்சில் தலைவர் அவர்களுக்கு வணக்கம்.

பதவியேற்ற கையோடு உங்கள் மேசைக்கு மூன்று கோப்புகள் வந்திருக்கும். முதலாவது, கவுன்சில் வீட்டுக்காகக் காத்திருப்போர் பட்டியல். அதில் பெற்றோர் பெயர் பதிந்தபோது தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் இப்போது தாங்களே பெயர் பதிய வந்துவிட்டார்கள். இரண்டாவது, அறுபதுகளிலும் எழுபதுகளிலும் கட்டிய எஸ்டேட்டுக்கான பழுதுபார்ப்பு மதிப்பீடு. கூரை, லிஃப்ட், பாய்லர், ஆஸ்பெஸ்டாஸ் என்று பக்கம் பக்கமாக நீளும். மூன்றாவது, ஒரு கட்டுமான நிறுவனத்தின் மதிய விருந்து அழைப்பிதழ். முதல் இரண்டையும் அலமாரியில் வையுங்கள். மூன்றாவதைப் பிரித்தால் அவை இரண்டும் தாமாகவே தீர்ந்துவிடும். அது எப்படி என்று சொல்வதுதான் இந்தக் கையேடு.

(தமிழ் வாசகர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: எஸ்டேட் என்றதும் வால்பாறையையும் ஹட்டனையும் நினைக்க வேண்டாம். லண்டனில் எஸ்டேட் என்றால் கவுன்சில், அதாவது உள்ளாட்சி மன்றம், கட்டிக் குறைந்த வாடகைக்கு விட்ட குடியிருப்பு. நம்மூர் ஹவுசிங் போர்டையும் குடிசை மாற்று வாரியத்தையும் ஒரே பானையில் போட்டுக் கிளறினால் கிட்டத்தட்ட அது வரும்.)

உபதேசிக்க எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். எஸ்டேட் இடிப்புத் துண்டறிக்கைகளைச் சில காலம் தமிழாக்கிக் கொடுத்திருக்கிறேன். சொல்லுக்கு இத்தனை பென்ஸ் என்று கூலி. எந்த கவுன்சில் என்பதைச் சொல்வதற்கில்லை. ஆனால் நாற்பது பக்கத் திட்டம் நான்கு பக்கத் துண்டறிக்கையாகச் சுருங்கும்போது முதலில் காணாமல் போவது எது என்பதை மொழிபெயர்ப்பாளனைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை.

முன்னோர் வகுத்த வழி

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கிழக்கு லண்டனில் ஷோர்டிச் பக்கம் ஓல்ட் நிக்கல் என்றொரு சேரி இருந்தது. ஏறத்தாழ 5,700 பேர் அங்கே நெருக்கியடித்துக் கிடந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் லண்டன் கவுன்டி கவுன்சில் அதை இடித்துவிட்டு, செங்கல் அழகு சொட்டும் பவுண்டரி எஸ்டேட்டைக் கட்டியது. இங்கிலாந்தின் முதல் கவுன்சில் எஸ்டேட்டுகளில் ஒன்று அது. 1900-இல் வேல்ஸ் இளவரசரே வந்து திறந்து வைத்தார். இடிபாடுகளையெல்லாம் நடுவில் குவித்து மேடாக்கினார்கள். பிறகு அதன்மேல் ஒரு இசை மண்டபமும் வந்தது. இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். வட்டமாக மரங்கள், பெஞ்சுகள், நல்ல நிழல்.

அந்த 5,700 பேரில் எத்தனை பேர் புது வீட்டுக்குக் குடிவந்தார்கள் தெரியுமா? பதினொரு பேர். வாடகை எட்டவில்லை, விதிகள் ஒத்துவரவில்லை. நிலையான சம்பளக்காரர்கள் புது வீடுகளுக்கு வந்தார்கள், பழையவர்கள் பக்கத்துச் சேரிகளில் போய் இன்னும் நெருக்கியடித்துக்கொண்டார்கள்.

தலைவர் அவர்களே, இந்தப் பதினொன்றை உங்கள் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாவது ஆள் திரும்பி வந்தால் நீங்கள் சரித்திரத்தை முறியடித்தவர் ஆவீர்கள்.

கட்டடத்துக்கு மூப்பு வரவழைத்தல்

கட்டடம் தானாகக் கிழடாகும் வரை காத்திருந்தால் உங்கள் பதவிக்காலம் முடிந்துவிடும். எனவே கொஞ்சம் கைகொடுக்க வேண்டும். செலவே இல்லாத வேலை இது. ஒன்றும் செய்யாமலிருந்தால் போதும். ஒழுகும் கூரையைப் பற்றிப் புகார் வந்தால் அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் சேர்ப்பதாகச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு வந்ததும், எப்படியும் இடிக்கப்போகிறோம், எதற்கு வீண்செலவு என்று சொல்லுங்கள். ஓதம் ஏறும், பூஞ்சணம் படரும், லிஃப்ட் நிற்கும். அப்போது பத்திரிகைக்காரர்களை அழைத்துச் சுற்றிக் காட்டுங்கள். வேண்டாத மருமகள் கைபட்டாலும் குற்றம், கால்பட்டாலும் குற்றம்.

ஒரு எச்சரிக்கை. வந்தவர்களை வீட்டுக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்துக் கவுன்சில் வீடுகளுக்குப் பார்க்கர் மோரிஸ் அளவுகள் என்று ஒன்று உண்டு. 1961-இல் ஓர் அறிக்கையில் வந்து, பிறகு கட்டாயமானவை. கூடத்தில் என்னென்ன சாமான்கள் போட வேண்டும், அவற்றைச் சுற்றி எப்படி நடமாடுவார்கள், எத்தனை அலமாரி வேண்டும் என்றெல்லாம் யோசித்து இடம் ஒதுக்கினார்கள். 1980-இல் அந்தக் கட்டாயம் நீங்கியது. அதனால் வெளியே காங்கிரீட் பூதமாகத் தெரியும் கட்டடத்தின் உள்ளே போனால் வெளிச்சமும் காற்றும் அகலமான கூடமுமாக இருந்து தொலைக்கும். பத்திரிகைக்காரர், நம் வாடகை வீட்டைவிட இது பெரிதாக இருக்கிறதே என்று எழுதிவிட்டால் காரியம் கெட்டது.

வெளித்தோற்றம் போதிய அளவு அவலமாக இல்லையென்றால் தொலைக்காட்சி உதவும். தென் லண்டனில் சௌத்வார்க் என்று எழுதி சதக் என்று உச்சரிக்கும் பகுதியில் எய்ல்ஸ்பரி எஸ்டேட் இருக்கிறது. ஏறத்தாழ 2,700 வீடுகள். சேனல் 4 அங்கே தன் நிலைய விளம்பரத்தைப் படமாக்கியபோது, இருக்கிற அழுக்கு போதாதென்று துணிக்கொடிகளையும் குப்பைப் பைகளையும் டிஷ் ஆன்டெனாக்களையும் சேர்த்துக் காட்டியது. குடியிருப்போர் ஆண்டுக்கணக்கில் போராடித்தான் அதை மாற்ற வைத்தார்கள். அதற்குள் பார்க்க வேண்டியவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

அரசியல்வாதியின் வருகையும் நல்ல பலன் தரும். டோனி பிளேர் பிரதமரானபின் நாடாளுமன்றத்துக்கு வெளியே ஆற்றிய முதல் உரைக்கு, 1997 ஜூன் 2-ஆம் நாள், தேர்ந்தெடுத்த இடம் இதே எய்ல்ஸ்பரிதான். மறக்கப்பட்ட மக்கள் இனி இருக்கமாட்டார்கள் என்ற பொருள்படப் பேசினார். மக்களை மறக்கவில்லைதான். எட்டே ஆண்டில் அவர்கள் வீடுகளை இடிப்பதென்று கவுன்சில் முடிவெடுத்தது.

மக்கள் கருத்தைக் கேட்டல்

சட்டம் இருக்கிறது, கேட்டாக வேண்டும். கேட்பதில் தவறில்லை. பதிலை எதிர்பார்த்துக் கேட்பதுதான் தவறு.

எய்ல்ஸ்பரியில் அந்தத் தவறு நடந்தது. 2001-இல் எஸ்டேட்டை வீட்டுவசதிச் சங்கம் ஒன்றிடம் ஒப்படைக்கலாமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். 73 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். இரகசிய வாக்குச்சீட்டைக் கொடுத்து, ஆம் அல்லது இல்லை என்று எழுதச் சொன்னால் மக்கள் எழுதத்தான் செய்வார்கள். ஆகவே கேள்வியைத் திறமையாக அமைக்க வேண்டும். "உங்கள் வீடு இடிபட வேண்டுமா?" என்பது அறிவில்லாத கேள்வி. "உங்கள் பகுதியில் பசுமையான, பாதுகாப்பான, குழந்தைகள் விளையாடும் திறந்தவெளி இருந்தால் மகிழ்வீர்களா?" என்பதுதான் கேள்வி. மகிழமாட்டேன் என்று எவன் எழுதுவான்? அந்தக் காகிதத்தை நூறு பக்க அறிக்கையின் பின்னிணைப்பில் சேர்த்து, 'மாற்றத்துக்குப் பெருவாரியான ஆதரவு' என்று தலைப்பிடுங்கள். இந்தக் கேள்வியின் தமிழாக்கத்துக்கும் எனக்குக் கூலி வந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

மேசைமேல் வண்ண அட்டைகளை வைத்துப் பிடித்த மரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதும் நல்ல முறை. இருக்கிற மரங்கள் வெட்டுப்படும் என்பதை அந்த அட்டையில் அச்சிடத் தேவையில்லை.

பல தெரிவுகள் கொடுத்துவிட்டுப் பாதியில் பிடுங்காதீர்கள். பிராக்வெல் பூங்காவை ஒட்டி, சரிவில் படிந்தாற்போல் இருக்கும் கிரெஸ்ஸிங்ஹம் கார்டன்ஸ் எஸ்டேட்டில் லாம்பெத் கவுன்சில் அப்படித்தான் மாட்டிக்கொண்டது. கருத்துக் கேட்பு நடந்துகொண்டிருக்கும்போதே, இடிக்காமல் புதுப்பிக்கும் தெரிவுகளைக் கட்டுப்படியாகாது என்று பட்டியலிலிருந்து தூக்கினார்கள். குடியிருந்த ஒருவர் வழக்குப் போட்டார். 2015 நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. கவுன்சில் மனம் தளரவில்லை. மறுபடி முறைப்படி கேட்டு, 2016-இல் மறுபடி இடிப்பதென்றே முடிவெடுத்தது. முயற்சி திருவினையாக்கும்.

2018 ஜூலையில் லண்டன் மேயர் சாதிக் கான் ஒரு முட்டுக்கட்டை போட்டார். 150 வீடுகளுக்கு மேல் கட்டும் திட்டத்தில் பழைய சமூக வீடுகள் இடிபடுமானால், மாநகர நிதி வேண்டுவோர் குடியிருப்போரிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும், பதினாறு வயதானவர்களும் வாக்களிக்கலாம் என்றார். பயப்படாதீர்கள். பெரும்பாலான வாக்கெடுப்புகளில் மக்கள் சம்மதமே சொல்லியிருக்கிறார்கள். இங்கே கிண்டலை ஒரு நிமிடம் நிறுத்திவைக்கிறேன். ஓதமேறிய சுவரோடு இருபது ஆண்டு வாழ்ந்தவர் புது வீட்டுக்கு ஆசைப்படுவது குற்றமில்லை. எல்லா எஸ்டேட்டும் பொற்கோயில் இல்லை. பெரிய காங்கிரீட் பலகைகளை அட்டைப்பெட்டி போல அடுக்கிக் கட்டிய ரோனன் பாயிண்ட் கோபுரத்தின் ஒரு மூலை, 1968 மே 16 அதிகாலை ஒரு சமையல் வாயு வெடிப்பில் மேலிருந்து கீழ்வரை சரிந்தது. குடிவந்து இரண்டே மாதம். நான்கு பேர் இறந்தார்கள். அப்படிக் கட்டியவற்றை இடிக்கத்தான் வேண்டும். கேள்வி அதுவல்ல. இடித்தபின் யாருக்குக் கட்டுவது என்பதுதான்.

நிறுத்தியதை மீண்டும் தொடங்குகிறேன்.

வடித்தல்

வீடுகளைக் காலி செய்வதற்கு இந்தத் தொழிலில் ஒரு கலைச்சொல் உண்டு: டீகான்ட். வைனை அடியில் தங்கிய மண்டி கலங்காமல் ஒரு குடுவையிலிருந்து இன்னொரு குடுவைக்கு ஊற்றுவதற்குச் சொல்வார்கள். மனிதரை அப்படிச் சொல்வதற்கு யாருக்கு முதலில் தோன்றியதோ, அவர் வீட்டில் நல்ல வைன் இருந்திருக்க வேண்டும்.

இதைத் தமிழாக்குவதற்குள் நான் பட்ட பாடு. 'வடித்தல்' என்று எழுதிப் பார்த்தேன். சோறு வடித்தால் கஞ்சி வெளியே போகும், சோறு பானையில் நிற்கும். இங்கே பானையே உடைபடுகிறதே, பொருந்தவில்லை. 'வெளியேற்றம்' என்றால் அதிகாரி சம்மதிக்கமாட்டார். கடைசியில் 'தற்காலிக இடம்பெயர்வு' என்று போட்டேன். நான் தமிழ்நாட்டுக்காரன். எனக்கு அது அகராதியில் இருக்கும் ஒரு சொல், அவ்வளவுதான்.

துண்டறிக்கை போன மறுவாரம் சமூகக்கூடத்தில் நடந்த கூட்டத்துக்கு மொழிபெயர்க்கப் போயிருந்தேன். நான்காம் மாடியில் குடியிருந்த யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் காகிதத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, இதை எழுதினது நீங்களோ?"

"ஆமாம்மா."

"இந்த இடம்பெயர்வு எண்ட சொல்லை மாத்திப் போடுங்கோ. தொண்ணூத்தைஞ்சிலையும் ரெண்டு மூண்டு நாளில திரும்பி வரலாம் எண்டுதான் வீட்டைப் பூட்டிப்போட்டு வெளிக்கிட்டனாங்கள்."

1995 அக்டோபர் கடைசியில் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் ஒரே இரவில், மழையில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்ததைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிய அரை நிமிடம் ஆனது. அது போர், இது வீடு கட்டும் திட்டம். இரண்டையும் ஒன்றென்று அவரும் சொல்லவில்லை. சொல்லை மாற்றச் சொன்னார், அவ்வளவுதான். அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அச்சுக்குப் போய்விட்டது என்றார்.

உங்களுக்கான பாடம்: துண்டறிக்கையில் 'திரும்பி வரும் உரிமை' என்ற தொடரைக் கட்டாயம் சேருங்கள். அதோடு, எப்போது, எந்த வீட்டுக்கு, எந்த வாடகையில் என்பதைக் கட்டாயம் விட்டுவிடுங்கள். கட்டி முடிக்கப் பத்து ஆண்டு ஆகும். அதற்குள் பிள்ளைகள் வேறு பள்ளியில் சேர்ந்திருப்பார்கள், கிழவர்கள் வேறு டாக்டரிடம் பழகியிருப்பார்கள், சிலர் எந்தப் படிவமும் கேட்காத ஊருக்கே போய்ச் சேர்ந்திருப்பார்கள். உரிமை இருக்கும், பயன்படுத்த ஆள் இருக்கமாட்டார்.

லீஸ்காரர்கள்

வாடகைக்கு இருப்பவர்களுக்கு வேறெங்காவது ஒரு கவுன்சில் வீட்டைக் கொடுத்துவிடலாம். தலைவலி, நீண்டகால லீஸில் வீட்டை வாங்கியவர்கள்தான். இவர்களை உருவாக்கியது மார்கரெட் தாட்சர் அரசு. 1980-ஆம் ஆண்டின் சட்டம், குடியிருக்கும் கவுன்சில் வீட்டைப் பெரும் தள்ளுபடியில் வாங்கிக்கொள்ளும் உரிமையைக் கொடுத்தது. நாடு முழுவதும் ஏறத்தாழ இருபது இலட்சம் வீடுகள் இப்படிப் போயின. விற்ற பணத்தில் புதிதாகக் கட்டுவதற்குக் கவுன்சில்களுக்கு வழி விடவில்லை. கடன் வாங்கிக் கட்டலாமென்றால் அதற்கும் உச்சவரம்பு. அந்த வரம்பு நீங்கியது 2018-இல்தான். நிலத்தைத் தனியாருக்கு விற்றால்தான் வீடு கட்டலாம் என்ற முடுக்கில் உங்களைத் தள்ளியவர்கள் வெஸ்ட்மின்ஸ்டரில் இருக்கிறார்கள். இது உங்களுக்குச் சாதகமான வாதம். உண்மையும் அதுதான். எனவே அடிக்கடி பயன்படுத்துங்கள்.

லீஸ்காரரிடம் வருவோம். பஸ் ஓட்டியும் மருத்துவமனையில் துப்புரவு செய்தும் முப்பது வருடம் சம்பாதித்ததை அந்த வீட்டில் போட்டிருப்பார். அவரிடம் மதிப்பீட்டாளரை அனுப்புங்கள். இடிபடப்போகும் எஸ்டேட்டில், பாதி ஜன்னல்கள் தகரத்தால் அடைத்துக் கிடக்கும் மாடியில், அந்த வீட்டுக்கு என்ன விலை வரும்? அதைத்தான் கொடுப்பீர்கள், சட்டப்படி இன்னொரு பத்து விழுக்காடு சேர்த்து. அதே இடத்தில் எழும்பும் புது வீட்டின் விலையை அவர் விசாரித்துவிட்டு வந்தால், சந்தை நிலவரம் என்று வானத்தைக் காட்டுங்கள். மறுத்தால் கட்டாயக் கொள்முதல் ஆணை இருக்கிறது.

அதிலும் ஒருமுறை சறுக்கியிருக்கிறது. 2016-இல் எய்ல்ஸ்பரியின் லீஸ்காரர்கள் மேல் சௌத்வார்க் கொண்டுவந்த ஆணையை அமைச்சர் சாஜித் ஜாவித் மறுத்தார். மனித உரிமையைக் காரணம் காட்டினார், அதுவும் கன்சர்வேட்டிவ் அமைச்சர்! லேபர் கவுன்சில் நீதிமன்றம் போனது. விசாரணை திரும்ப நடந்தது. 2018-இல் ஆணை உறுதியானது. உலகம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தன் இடத்துக்கு வந்து நின்றது.

கணக்கு

இனி வருவது முக்கியமான பகுதி. கதவைச் சாத்திவிட்டுப் படியுங்கள்.

எய்ல்ஸ்பரிக்குப் பக்கத்தில் எலிஃபன்ட் அண்ட் காஸில் என்றொரு நாற்சந்தி. யானையும் கோட்டையும். பழைய சத்திரம் ஒன்றின் பெயர் பேட்டைக்கே ஒட்டிக்கொண்டது. அங்கே 1974-இல் கட்டி முடித்த ஹேகேட் எஸ்டேட்டில் ஏறத்தாழ 1,200 வீடுகள் இருந்தன. மூவாயிரம் பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். வெளியே நீண்ட காங்கிரீட் சுவர்கள், உள்ளே நாற்பது வருடம் வளர்ந்த மரங்கள். நாற்பது வயது ஆகுமுன்னே, 2011-இல் இடிக்கத் தொடங்கினார்கள். மனிதராயிருந்தால் வேலையிலேயே பாதிக் காலம் பாக்கியிருக்கும். கடைசி லீஸ்காரர்களை 2013 நவம்பரில் அமீனாக்களைக் கொண்டு வெளியேற்றினார்கள்.

நிலத்தை வாங்கியது லெண்ட்லீஸ் நிறுவனம். விலை 5 கோடி பவுண்டு. இந்த விவரம் இரகசியம். ஆவணத்தில் கறுப்பு மை பூசித்தான் வெளியிட்டார்கள். ஆனால் அந்தக் கறுப்பு, கணினித் திரையில் பூசிய கறுப்பு. அந்த வரியைப் பிரதியெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் எழுத்து அப்படியே தெரிந்தது. 2013-இல் இப்படித்தான் ஊர் முழுக்கக் கணக்குத் தெரிந்துபோனது: எஸ்டேட்டைக் காலி செய்ய மட்டும் கவுன்சிலுக்கு ஆன செலவு 4.4 கோடி பவுண்டு. திட்டமிடலுக்கு இன்னொரு 2.15 கோடி. கூட்டிப் பாருங்கள். ஐந்துக்கு விற்பதற்கு ஆறரைக்கு மேல் செலவு. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இந்த யானை இரண்டு வகையிலும் நட்டம். (முதற்பாடம்: மை பூசும் வேலையைப் பயிற்சியாளரிடம் கொடுக்காதீர்கள்.)

அந்த இடத்தில் 2,500-க்கு மேல் வீடுகள் என்று அனுமதி ஆனது. பார்த்தீர்களா, 1,200 போய் 2,500! இந்த ஒரு வரியை மட்டும் பதாகையில் பெரிதாக அச்சிடுங்கள். அந்த 2,500-இல் பழையபடி குறைந்த சமூக வாடகைக்கு என்று அனுமதியின்போது வெளியான எண்ணிக்கை நூறைக்கூடத் தொடவில்லை. யானைப் பசிக்குச் சோளப்பொரி.

எப்படி இது சாத்தியம்? சௌத்வார்க்கின் சொந்த விதிப்படியே 35 விழுக்காடு வீடுகள் கட்டுப்படியாகும் விலையில் இருக்க வேண்டும். ஒத்துக்கொண்டது 25. இங்கேதான் 'வயபிலிட்டி' என்ற மந்திரம் வேலை செய்கிறது. தமிழில் தாங்குதிறன் அறிக்கை எனலாம். கட்டுமான நிறுவனம் தன் செலவையும் எதிர்பார்க்கும் வரவையும் எழுதும். விற்பனை மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத் தன் இலாபத்தை முதலிலேயே எடுத்து வைக்கும். மிச்சத்தில் ஏழைக்கு வீடு கட்ட முடிகிறதா என்று பார்க்கும். முடியாது. முடிந்தால்தான் அதிசயம். இலையில் முதலில் பாயசம் பரிமாறிக்கொண்டு, பந்தியின் கடைசி ஆளுக்குச் சோறு இல்லை என்று வருந்துகிற விருந்து இது. அந்த அறிக்கையும் வணிக இரகசியம் என்பதால் பந்திக்கு வந்தவர் எட்டிப் பார்க்கவும் முடியாது. ஹேகேட் அறிக்கையின் பெரும்பகுதியை வெளியிடச் சொல்லி 2014-இல் தகவல் உரிமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அப்போது அனுமதி கொடுத்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

'கட்டுப்படியாகும்' என்ற சொல்லையும் மனப்பாடம் செய்யுங்கள். 2011 முதல் சந்தை வாடகையில் 80 விழுக்காடு வரை இருந்தாலும் அது கட்டுப்படியாகும் வாடகைதான். லண்டன் நடுப்பகுதியின் சந்தை வாடகையில் எண்பது விழுக்காடு யாருக்குக் கட்டும் என்று சொல்லில் எங்கும் இல்லை. யாருக்காவது கட்டும். பகிர்வு உடைமை என்று இன்னொன்று: கால்வாசி வீட்டைக் கடன் வாங்கி வாங்கிக்கொண்டு, முக்கால்வாசிக்கு வாடகை கொடுத்து, பராமரிப்புக் கட்டணத்தை மட்டும் முழுசாகக் கட்டுவது. இதுவும் பட்டியலில் ஏறும். இரண்டையும் கூட்டி, அந்தச் சிறு எண்ணிக்கையை அதன் நடுவில் ஒளித்துவிட்டால் கேட்பவர் வாய் அடைத்துவிடும்.

பெயரும் வாசலும்

பழைய பெயரை வைத்துக்கொள்ளாதீர்கள். ஹேகேட், எலிஃபன்ட் பார்க் ஆனது. கிட்புரூக் பக்கம் ஃபெரியர் எஸ்டேட், கிட்புரூக் வில்லேஜ் ஆனது. லண்டனில் கிராமம் என்று பெயர் வைத்தால் விலை ஏறும். நம்மூரில் இறங்கும். சமூக வாடகைக்காரர்களுக்குத் தனி வாசல் வையுங்கள், குப்பைத் தொட்டிகள் பக்கமாக. அது பாகுபாடல்ல, பராமரிப்புக் கட்டணத்தை அவர்களுக்குக் குறைப்பதற்காம். 2019-இல் லாம்பெத்தில் ஒரு குடியிருப்பில் விளையாட்டுத் திடலிலும் இதே முறையைக் கையாண்டது செய்தியானது. நடுவில் வேலி, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கும் குழந்தைகள். கூச்சல் எழுந்ததும் திறந்துவிட்டார்கள். நீங்கள் கொஞ்சம் உயரமான செடிகளாக வைத்திருந்தால் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

காலி வீட்டில் கலைஞர்கள்

காலியான மாடிகளைச் சும்மா போட்டால் யாராவது குடியேறிவிடுவார்கள். ஓவியர்களுக்குத் தற்காலிகமாகக் கொடுங்கள். பாப்லரில் எர்னோ கோல்ட்ஃபிங்கர் கட்டிய பால்ஃப்ரன் கோபுரத்தில் வாடகைதாரர்கள் போனபின் அப்படித்தான் கலைஞர்கள் வந்தார்கள். 2014-இல் நேஷனல் டிரஸ்ட், அரண்மனைகளைச் சுற்றிக் காட்டும் அதே அமைப்பு, ஒரு வீட்டைத் திறந்து பார்வையாளர்களுக்குக் காட்டியது. பிறகு வீடுகள் தனியாருக்கு விற்பனைக்குப் போயின.

அதைவிட ஒரு படி மேலே போனது பக்கத்திலேயே இருந்த ராபின் ஹூட் கார்டன்ஸ். ஆலிசன், பீட்டர் ஸ்மித்ஸன் தம்பதியின் வடிவமைப்பு, 1972. 213 வீடுகள். பாதுகாக்க வேண்டும் என்று கட்டடக் கலைஞர்கள் மனுப் போட்டார்கள், அரசு மறுத்தது. இடிக்கும்போது விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் மூன்று மாடி உயரத் துண்டு ஒன்றை அறுத்து எடுத்துக்கொண்டது. 2018-இல் அதன் பகுதிகள் வெனிஸ் கண்காட்சிக்குப் போய்வந்தன. இப்போது கிழக்கு லண்டனில் அருங்காட்சியகத்தின் புதிய கிடங்கில் நிற்கிறது, சரியான வெப்பநிலையில், ஓதம் ஏறாமல். அந்தச் சுவருக்குள் குடியிருந்தவர்கள் கேட்டதும் அதேதான்.

தவிர்க்க வேண்டிய ஊர்கள்

கல்விச் சுற்றுலா போவதானால் பிரான்சில் போர்தோ பக்கம் மட்டும் போகாதீர்கள். அங்கே கிராண்ட் பார்க் என்ற இடத்தில் அறுபதுகளில் கட்டிய மூன்று பெரிய கட்டடங்கள், 530 வீடுகள். இடிக்காமல், ஒவ்வொரு வீட்டுக்கும் வெளிப்புறமாகக் கண்ணாடித் தாழ்வாரம் ஒன்றை ஒட்டவைத்தார்கள். வீடு பெரிதானது, வெளிச்சம் வந்தது, குளிர்காலச் செலவு குறைந்தது. வேலை நடந்தபோது குடியிருந்தவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். வாடகையும் ஏறவில்லை. செய்த கட்டடக் கலைஞர்களில் லக்கதோனுக்கும் வசாலுக்கும் 2021-இல் பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. உங்கள் கட்சி உறுப்பினர் எவராவது இதைப் பார்த்துவிட்டு வந்து பேச ஆரம்பித்தால் உங்கள் மதிய விருந்து வீண்.

நாரிச் நகருக்கும் வேண்டாம். அந்த கவுன்சில் கோல்ட்ஸ்மித் தெருவில் தானே நூற்றுச் சொச்சம் வீடுகளைக் கட்டி, சமூக வாடகைக்கு விட்டது. வெப்பம் வெளியே கசியாத கட்டடங்கள். 2019-இல் நாட்டின் மிகப் பெரிய கட்டடக் கலைப் பரிசான ஸ்டெர்லிங் பரிசு அந்தத் தெருவுக்குப் போனது. இது மிக மோசமான முன்னுதாரணம்.

இடிக்காமல் புதுப்பித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். கிரென்ஃபெல் கோபுரத்தை இடிக்கவில்லை. புதுப்பித்தார்கள். வெளிச்சுவரில் ஒட்டிய தகடு தீயை மேலே கொண்டுபோனது. 2017 ஜூன் 14. 72 பேர். தீப் பாதுகாப்பைப் பற்றிக் குடியிருந்தவர்கள் முன்பே எழுதியிருந்தார்கள். இதில் வேடிக்கையாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. இடிப்பதானாலும் ஒட்டுவதானாலும், கீழே இருப்பவர் சொல்வதை மேலே இருப்பவர் கேட்பதில்லை என்பது மட்டும் எல்லாக் கோப்பிலும் பொதுவாக இருக்கிறது.

இறுதியாக, திறப்பு விழா

ரிப்பன், கத்தரிக்கோல், தலைக்கவசம் அணிந்த புகைப்படம் எல்லாம் உங்களுக்கே தெரியும். மேடையில் யாராவது, பழையவர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று கேட்டால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு வழி சொல்லிவிட்டுப் போகிறேன்.

எலிஃபன்ட் அண்ட் காஸில் அங்காடி வளாகத்தின் முன்னால், முதுகில் கோட்டையைச் சுமந்த யானைச் சிலை ஒன்று இருந்தது. அதற்கு முன்பு பழைய மதுவிடுதி ஒன்றின் முகப்பில் இருந்ததாம். 1965-இல் திறந்த அந்த வளாகத்தை 2020-இல் மூடினார்கள், பிறகு இடித்தார்கள். உள்ளே வியாபாரம் செய்த லத்தீன் அமெரிக்கக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் மாற்றிடம் கிடைக்கவில்லை. யானையை மட்டும் பத்திரமாக இறக்கி, கூப்பிடு தூரத்தில் இருக்கும் காஸில் சதுக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். ஒரே பேட்டையில் இரண்டாவது மறுகுடியமர்வு, படிவம் இல்லை, வாடகை இல்லை. கேட்பவருக்கு அதைக் காட்டுங்கள்.